அரை இன்ச் பைப்பில் அரை இன்ச் எங்கே இருக்கிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக்கல் மாணவன் இல்லை. பி.காம். மூன்றாம் ஆண்டு. டெபிட், கிரெடிட் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது (அதுவாவது முழுசாகத் தெரியுமா என்று எங்கள் துறையில் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்). அப்படிப்பட்டவன் இரும்பில் மரை வெட்டும் டேப்பைப் பற்றி ஏன் எழுத வருகிறான்? காரணம் இருக்கிறது. ஒரு தப்பான டேப்பை வாங்கிவந்து, என் மாமாவுக்கு ஒரு ஆர்டர் நஷ்டத்தையும், முன்பின் தெரியாத ஒரு அக்காவுக்கு முழங்கைக்குக் கீழே கொப்புளத்தையும் வாங்கிக் கொடுத்தவன் நான்.

கதைக்குப் போகும் முன் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம்ம ஊரில் "டேப்" என்றால் மூன்று சாமான். தண்ணீர் வரும் குழாய் ஒன்று. அதைப் பூட்டும்போது மரையில் சுற்றுகிற வெள்ளை டெஃப்லான் டேப் இன்னொன்று. மூன்றாவதுதான் நம்ம கதாநாயகன். ஓட்டைக்குள் விட்டுத் திருகினால் உள்பக்கம் மரை வெட்டிக்கொண்டே போகும் கெட்டியான எஃகுக் கருவி. வெளிப்பக்கம் மரை வெட்டுவதற்கு டை, உள்பக்கத்துக்கு டேப். இந்தக் கட்டுரை முழுக்க டேப் என்றால் மூன்றாவதுதான். மரை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. "அவனுக்கு மரை கழண்டுபோச்சு" என்று ஒருமுறையாவது நம்மைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள் :-)

மாமாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு சின்ன லேத் பட்டறை. இரண்டு லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின், ஒரு பையன், அப்புறம் மாமா. பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். காயத்துக்குக் கட்டும் அந்த வெள்ளைத் துணி வெள்ளையாக வருவதற்கு அதை வேக வைத்துப் பிளீச் செய்ய வேண்டும், அதற்கு நீராவி வேண்டும், நீராவி வந்தால் பைப் வரும், பைப் வந்தால் மரை வரும். அந்தப் பக்கத்து யூனிட் ஒன்றுக்கு நீராவி லைனில் வால்வு பூட்டுவதற்காக எட்டு இரும்பு பிளாக் செய்துதர மாமா ஒப்புக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் அரை இன்ச் பைப் மரை. பட்டறையில் இருந்த டேப் பல் உடைந்து கிடந்தது.

நான் தினமும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போய் வருகிறவன். "டேய் மாப்ள, வர்றப்போ அரை இன்ச் பைப் டேப் ஒண்ணு வாங்கிட்டு வந்துரு" என்றார் மாமா. கடையில் கேட்டேன். கடைக்காரர் அழகாகத் திருப்பிக் கேட்டார்: "பிஎஸ்பியா, என்பிடியா தம்பி?" எனக்கு இரண்டும் வங்கிப் பெயர் மாதிரி இருந்தது. மாமாவுக்குப் போன் போட்டேன், அவர் எடுக்கவில்லை. ரெண்டில் எது விலை கம்மி என்று கேட்டேன். என்பிடி பழைய ஸ்டாக்காம், கொஞ்சம் குறைத்துத் தருவதாகச் சொன்னார். செலவைக் குறைத்த பெருமையோடு வாங்கிக்கொண்டு வந்தேன். கூடவே பால்கோவாவும். அதற்கு எந்த அளவு என்று யாரும் கேட்கவில்லை.

மாமா கண்ணாடி போடாமல், அவசரத்தில், டேப்பின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் எட்டு பிளாக்கிலும் மரை போட்டுவிட்டார். வால்வின் நிப்பிளை விட்டுப் பார்த்தார், போயிற்று. டெஃப்லான் சுற்றி இறுக்கினார், இறுகியது. கம்ப்ரெஸர் காற்று விட்டுச் சோதித்தார், கசியவில்லை. லைனில் ஏற்றி நான்காம் நாள் காலையில் ஒரு பிளாக்கின் மரை வழியாக ஊசி மாதிரி ஆவி பீறிட்டு, அந்தப் பக்கமாகத் துணியை எடுத்துக்கொண்டு போன அக்காவின் கையில் அடித்துவிட்டது. பெரிய காயம் இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் மாமாவோடு போய்ப் பார்த்தேன். அவர் கையில் கட்டியிருந்தது அவர் நெய்யும் ஊரின் துணிதான். எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

எட்டு பிளாக்கும் திரும்பி வந்தன. மாமா திட்டவில்லை. "பி.காம். படிக்கிறவன்ட்ட டேப் வாங்கச் சொன்னது என் தப்புடா" என்றார். அது திட்டை விட மோசமாக இருந்தது. அதற்கப்புறம்தான் இந்த பிஎஸ்பி, என்பிடி எங்கிருந்து வந்தன, ஏன் ஒரே அளவுக்கு இரண்டு மரை, இரண்டும் ஏன் ஒன்றுக்குள் ஒன்று போய்த் தொலைக்கின்றன என்று தேட ஆரம்பித்தேன். தேடினால் அது இருநூறு வருஷக் கதை.

1812-ல் லண்டனில் தெருவிளக்குகளுக்கு நிலக்கரி வாயு கொடுக்க ஒரு கம்பெனிக்கு அரசு சாசனம் கிடைத்தது. வாயுவைக் கொண்டுபோக நீளமான இரும்புக் குழாய் வேண்டும். அன்றைக்கு அப்படி ஒரு பொருள் மலிவாகக் கடையில் கிடைக்காது. நெப்போலியன் போர்கள் 1815-ல் முடிந்தபோது துப்பாக்கிக் குழல்கள் ஏராளமாக மிச்சம் கிடந்தன என்றும், அவற்றை ஒன்றோடு ஒன்று மரை போட்டு இணைத்துத்தான் ஆரம்பகால வாயுக் குழாய்கள் ஓடின என்றும் சொல்வார்கள். பிரிட்டனில் பைப்புக்கு இன்னமும் "பேரல்" என்று ஒரு தொழில் பெயர் இருப்பது அந்த உறவில்தான். 1825-ல் வெட்ன்ஸ்பரி ஊரைச் சேர்ந்த கொர்னேலியஸ் வைட்ஹவுஸ் என்பவர் தகட்டைச் சூடாக்கி இழுத்து ஓரங்களை ஒட்டிக் குழாய் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு பைப் மலிவானது, ஊரெல்லாம் பரவியது.

ஆனால் மரை? ஆளாளுக்கு ஒரு மரை. இந்தப் பட்டறையில் செய்த போல்ட் அடுத்த தெருப் பட்டறை நட்டுக்குள் போகாது. இதற்கு ஒரு முடிவு கட்டியவர் மான்செஸ்டரில் இயந்திரம் செய்துகொண்டிருந்த ஜோசப் விட்வொர்த். அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. "இதுதான் சரியான மரை" என்று கணக்குப் போட்டு அவர் அறிவிக்கவில்லை. நாட்டிலுள்ள பல பட்டறைகளில் இருந்து திருகாணிகளைச் சேகரித்தார். எல்லாவற்றையும் அளந்தார். சராசரி எடுத்தார். மரைப் பல்லின் கோணம் சராசரியில் 55 டிகிரி வந்தது. 1841-ல் சிவில் இன்ஜினியர்கள் கழகத்தில் அதைக் கட்டுரையாகப் படித்தார். உலகின் முதல் தேசிய மரை அளவு புள்ளியியல் பாடத்தின் முதல் அத்தியாயத்தில் இருந்து பிறந்திருக்கிறது! எங்கள் செமஸ்டரில் சராசரிக்கு இப்படி ஒரு உதாரணம் சொல்லியிருந்தால் நானும் கொஞ்சம் கவனித்திருப்பேன்.

பைப்புக்கு மட்டும் விட்வொர்த்தின் சாதாரண மரை ஆகாது. 7/8 இன்ச் போல்ட்டுக்கு அவர் முறையில் இன்சுக்கு 9 மரை. கிட்டத்தட்ட அதே தடிமனுள்ள பைப்பின் மேல் அந்த 9 மரையை வெட்டினால் பள்ளம் ஆழமாகி, சுவர் பாதி போய்விடும். போல்ட் உள்ளே திடமானது, பைப் வெறும் கூடு. ஆகவே பைப்புக்கு நெருக்கமான மரை வைத்தார்கள். கோணம் அதே 55. அரை இன்சுக்கும் முக்கால் இன்சுக்கும் இன்சுக்கு 14 மரை, கால் இன்சுக்கும் 3/8-க்கும் 19, ஒரு இன்சிலிருந்து 6 இன்ச் வரை 11. வாயுக்குழாயில் தொடங்கியதால் இதற்கு "கேஸ் த்ரெட்" என்று பெயர் வந்தது. 1905-ல் பிரிட்டிஷ் தர நிர்ணயக் குழு இதைத் தன் 21-ஆம் எண் தரமாக வெளியிட்டது. அதுதான் பிஎஸ்பி, அதாவது பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் பைப்.

இப்போது தலைப்புக்கு வருவோம். அரை இன்ச் பைப்பை எடுத்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வெளிவிட்டம் சுமார் 21.3 மில்லிமீட்டர். அரை இன்ச் என்றால் 12.7 தான். சரி, உள்விட்டமா? நடுத்தர கனமுள்ள ஜி.ஐ. பைப்பில் அது ஏறத்தாழ 16. அதுவும் அரை இன்ச் இல்லை. அரை இன்ச் பைப்பில் அரை இன்ச் எங்குமே இல்லை! ஒருகாலத்தில் சுவர் தடிமனாக இருந்தது, உள்ளே ஓட்டை ஏறக்குறைய அரை இன்ச் இருந்தது. பிறகு இரும்பு நல்ல இரும்பாக வந்தது, சுவர் மெலிந்தது. மெலியும்போது வெளிப்பக்கத்தைக் குறைக்க முடியாது, ஏனென்றால் மரை வெளிப்பக்கத்தில்தான் இருக்கிறது. வெளியே குறைத்தால் ஊரில் இருக்கும் எல்லா சாக்கெட்டும், எல்போவும், டேப்பும், டையும் குப்பை. எனவே உள்பக்கம் பெரிதானது. அரை இன்ச் என்பது அளவாக இருந்து வெறும் பெயராக ஆகிவிட்டது. நிலத்தின் இன்றைய மதிப்பு என்னவாக இருந்தாலும் பேலன்ஸ் ஷீட்டில் வாங்கிய விலையே எழுதியிருப்பது மாதிரி.

கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் வேறு கதை. பிலடெல்பியாவின் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் விட்வொர்த் மரையை ஏற்க முடியாது என்றார். 55 டிகிரியை அளந்து சரிபார்ப்பது கஷ்டம், மரையின் உச்சியும் அடியும் வட்டமாக இருக்க வேண்டும் என்பதால் அதை வெட்ட மூன்று வகைக் கட்டரும் இரண்டு வகை லேத்தும் தேவை என்பது அவர் வாதம். 60 டிகிரி என்றால் சமபக்க முக்கோணம், எந்தச் சாதாரணத் தொழிலாளியும் ஒரு கட்டரை வைத்துக்கொண்டு வெட்டிவிடலாம். உச்சியையும் அடியையும் தட்டையாக விட்டுவிடலாம். இது முழுக்க முழுக்கச் செலவுக் கணக்கு. (விட்வொர்த் புள்ளியியல் என்றால் செல்லர்ஸ் காஸ்ட் அக்கவுண்டிங். நான் கட்சி மாறிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.) அதே ஊரில் பைப் தொழிலில் இருந்த ராபர்ட் பிரிக்ஸ், 60 டிகிரிக் கோணத்தோடு பைப்புக்கென்று ஓர் அட்டவணை வகுத்தார். அவர் 1882-ல் இறந்துபோனார். 1886-ல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதன் வாரிசுதான் என்பிடி. நான் மலிவாக வாங்கிவந்தது.

இரண்டு நாடுகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. கசியாத மரை வேண்டுமென்றால் அது கூம்பாக இருக்க வேண்டும், 16-க்கு 1 என்ற சரிவில். உள்ளே போகப்போக ஆப்பு மாதிரி இறுகும். ஒத்துப்போன இன்னொரு விஷயம்தான் எங்கள் குடும்பத்துக்கு வினையாகிவிட்டது. அரை இன்சுக்கும் முக்கால் இன்சுக்கும் பிரிக்ஸும் 14 மரையே வைத்தார். மற்ற அளவுகளில் பிரிட்டிஷ் 19 என்றால் அமெரிக்கா 18, பிரிட்டிஷ் 11 என்றால் அமெரிக்கா பதினொன்றரை. அந்த அளவுகளில் தப்பான டேப் போட்டால் இரண்டு மூன்று சுற்றிலேயே முரண்டுபிடித்து நின்று, "தம்பி, நான் அவன் இல்லை" என்று சொல்லிவிடும். அரை இன்ச் சொல்லாது. பிஎஸ்பி அரை இன்ச் மரையின் வெளிவிட்டம் 20.955 மி.மீ. என்பிடி அரை இன்ச் பைப்பின் வெளிவிட்டம் 21.336. வித்தியாசம் 0.4 மில்லிமீட்டர்கூட இல்லை. கை சொல்லும் சரி என்று, ரெஞ்ச் சொல்லும் சரி என்று. ஆனால் 55 டிகிரிப் பல் 60 டிகிரிப் பள்ளத்துக்குள் உட்காரும்போது பக்கம் முழுக்கப் படியாது, ஒரு கோட்டில் மட்டும் தொடும். மிச்ச இடம் நீளமான ஒரு சுருள் சந்து. அந்தச் சந்தை டெஃப்லான் கொஞ்ச நாள் மறைத்துவைக்கும். லைன் சூடேறி, ஆறி, மறுபடி சூடேறி, பைப் உதறிக்கொண்டே இருந்தால் ஒருநாள் சந்து திறந்துகொள்ளும். எங்களுக்கு நான்காம் நாள் திறந்தது.

மரை ஒத்துப்போகாததால் ஒரு நகரமே எரிந்திருக்கிறது. 1904 பிப்ரவரி 7, பால்டிமோர். தீயை அணைக்க வாஷிங்டனில் இருந்தும் பிலடெல்பியாவில் இருந்தும் ரயிலில் வண்டிகள் வந்து சேர்ந்தன. ஆனால் பல ஊர்க்காரர்களின் ஹோஸ் முனை மரை பால்டிமோர் தெரு நீர்க்குழாயின் மரையில் பொருந்தவில்லை. ஆள் இருக்கிறார்கள், தண்ணீர் இருக்கிறது, ஹோஸ் இருக்கிறது, நடுவில் ஒரு மரை சேரவில்லை. முப்பது மணி நேரம் எரிந்து 1500-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் போயின. மாமாவின் எட்டு பிளாக் இதன் முன் ஒன்றுமில்லைதான். ஆனாலும் இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் என்னைத் தப்பாக நினைக்காதீர்கள்.

இரண்டாம் உலகப் போரிலும் இதே தொல்லை. பிரிட்டிஷ் சாமானுக்கு அமெரிக்க நட் சேராது. கடைசியில் 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் உட்கார்ந்து பேசி, போல்ட், நட்டுக்கு ஒரே மரை என்று கையெழுத்துப் போட்டன. கோணம் 60, அதாவது செல்லர்ஸ் ஜெயித்தார். ஆனால் பைப் மரையை அந்த ஒப்பந்தம் தொடவில்லை. ஒரு போல்ட்டை மாற்றலாம், ஊருக்கு அடியில் புதைந்திருக்கும் பைப்பை என்ன செய்ய?

நம்ம நாட்டுக்கு பிரிட்டிஷ் மரைதான் வந்தது. வேறெது வரும்? 1857-ல் கல்கத்தாத் தெருக்களில் வாயு விளக்கு எரியத் தொடங்கியது, பிறகு நகரங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது, ரயில்வே ஒர்க்‌ஷாப்புகள், லங்காஷயர் இயந்திரங்களை வைத்த நூற்பாலைகள் எல்லாம் வந்தன. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியபோது இந்தியாவில் பைப் மரை என்றால் பிஎஸ்பி என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நாம் அளவுகளை எல்லாம் மாற்றினோம். 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. 1956-ல் சட்டம் போட்டு, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகச் சேரும் வீசையும் போய்க் கிலோ வந்தது, கெஜம் போய் மீட்டர் வந்தது. பைப் மரை மட்டும் போகவில்லை. இன்றைய இந்தியத் தரம் ஐ.எஸ். 554-இன் 1999 பதிப்பைப் பார்த்தால், அது சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 7-ஐ அப்படியே எடுத்துக்கொண்டது. அந்த ஐ.எஸ்.ஓ. 7 எதுவென்று பார்த்தால், அதே பழைய 55 டிகிரி, இன்சுக்கு 14, விட்வொர்த்தின் பிள்ளை! மெட்ரிக்கில் பிறந்து வளர்ந்த ஜெர்மனியும் பிரான்ஸும்கூட பைப்புக்கு இந்த இன்ச் மரையைத்தான் வைத்திருக்கின்றன. தாளில் 15 மி.மீ. என்று எழுதுவார்கள். கடையில் அரை இன்ச் என்பார்கள். எங்கள் ஊர் ஆசாரிகளைக் கேட்டால் நாலு நூல்.

இன்சின் எட்டில் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர் வைத்த ஊரில், நிஜ நூலையும் பிரிட்டிஷ் கணக்கில்தான் விற்கிறோம் என்பது எனக்கு இந்தத் தேடலில்தான் உறைத்தது. மில்லில் 40-ஆம் நம்பர் நூல் என்றால், ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டம் 40 இருக்கும் என்று அர்த்தம். பவுண்டும் கெஜமும் போய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, கவுண்ட் போகவில்லை. ஆங்கிலத்தில் நூலுக்கும் மரைக்கும் ஒரே பெயர், த்ரெட். ராஜபாளையம் இரண்டு த்ரெட்டிலும் வெள்ளைக்காரன் கணக்கைக் கைவிடவில்லை.

சரி, இனி டேப் வாங்கப் போகிறவர்களுக்கு. இரண்டாவது முறை கடைக்குப் போனபோது நெஞ்சை நிமிர்த்தி "பிஎஸ்பி" என்றேன். கடைக்காரர் விடவில்லை. "பேரலலா, டேப்பரா?" எனக்கு அழுகை வராத குறை. இந்த முறை மாமா போனை எடுத்தார்.

பிஎஸ்பியிலேயே இரண்டு சாதி. மரையே கசிவை அடைக்க வேண்டும் என்றால் ஐ.எஸ். 554. அங்கே வெளிமரை எப்போதும் கூம்பு, டேப்பில் "ஆர்சி" என்றோ பிஎஸ்பிடி என்றோ எழுதியிருக்கும். மரை வெறுமனே பிடித்துக்கொண்டால் போதும், கசிவை வாஷர் பார்த்துக்கொள்ளும் என்றால் ஐ.எஸ். 2643. அது நேர் மரை, டேப்பில் "ஜி" என்று இருக்கும் (ஜி என்றால் கேஸ்தான், லண்டன் தெருவிளக்கு இன்னும் அணையவில்லை). நீராவி லைனுக்கு மாமாவுக்கு வேண்டியது கூம்பு.

இது ஏன் முக்கியம் என்றால் ஓட்டையே மாறும். ஜி 1/2-க்கு 19 மி.மீ. ட்ரில் போட வேண்டும். கூம்பு டேப்புக்கு அதைவிடக் கொஞ்சம் சிறிய ஓட்டை. என்பிடி அரை இன்சுக்கு 23/32 இன்ச், அதாவது 18.25 மி.மீ. பழக்கத்தில் ஒரே ட்ரில்லை எல்லாவற்றுக்கும் போட்டால், ஒன்று மரை பாதி உயரம்தான் வரும், அல்லது டேப் உள்ளே சிக்கி உடையும். உடைந்த டேப்பை எடுப்பதைப் பற்றி மாமாவிடம் கேட்டேன். இங்கே எழுத முடியாத பதில் சொன்னார்.

நேர் டேப் பெரும்பாலும் இரண்டாக செட்டில் வரும், முதலில் ஒன்று, அடுத்து ஒன்று. கூம்பு டேப் ஒற்றை ஆள். நேர் டேப்பில் முனையில் உள்ள சில பற்கள்தான் வெட்டும், மற்றவை பின்னால் சும்மா வரும். கூம்பு டேப்பில் நுழைந்த பல் அத்தனையும் வெட்டிக்கொண்டே போகும். அதனால் திருக பலம் அதிகம் வேண்டும், எண்ணெய் வேண்டும், கால் சுற்றுக்கு ஒருமுறை பின்னால் திருப்பிச் சுருளை உடைத்துவிட வேண்டும். முக்கியமாக, எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும். அதிகமாக உள்ளே விட்டால் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும், பிறகு எந்த டெஃப்லானும் காப்பாற்றாது. மாமா செய்வது இது: டேப்பைக் கழற்றி, பூட்டப்போகிற அதே நிப்பிளைக் கையால் விட்டுப் பார்ப்பார். மூன்று நான்கு சுற்று கையால் போய் நின்றால், அப்புறம் ரெஞ்சால் இரண்டு சுற்று இறுக இடம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டே சுற்றில் நின்றால் இன்னும் கொஞ்சம் வெட்டுவார். கடைசிவரை கையாலேயே போய்விட்டால் அந்த பிளாக் எடைக்கு.

உலோகமும் பேசும். பித்தளையும் வார்ப்பிரும்பும் சுருள் விடாமல் தூளாக உதிரும், எண்ணெய் இல்லாமலேகூட வெட்டலாம். அலுமினியம் பல்லில் அப்பிக்கொள்ளும், மண்ணெண்ணெய் விட்டால் கேட்கும். இரும்புக்குக் கட்டிங் ஆயில். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தனி ரகம், தேய்க்கத் தேய்க்க இறுகிவிடும், அதற்கு ஹைஸ்பீட் ஸ்டீல் டேப்தான், தயங்காமல் வெட்ட வேண்டும். மலிவான கார்பன் ஸ்டீல் டேப் சூட்டில் பதம் இழந்துவிடும். மலிவு என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்குக் கொஞ்சம் உதறுகிறது.

எதிர்ப்பக்கத்துச் சாமான் எந்த மரை என்று தெரியாவிட்டால்? கடையில் மரை கேஜ் கிடைக்கும், ரம்பப் பல் மாதிரித் தகடுகள் கொத்தாக இருக்கும். 14-ஆம் தகட்டை வைத்தால் இரண்டுமே பொருந்துகிற மாதிரித் தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பல்லின் பக்கத்தில் சந்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உச்சி வட்டமா தட்டையா என்றும் பாருங்கள். பொதுவாகத் தண்ணீர், நீராவி, காற்று என்றால் நம் ஊரில் பிஎஸ்பி. எண்ணெய்த் தொழில், அமெரிக்க வழியில் வந்த கருவிகள், சில பிரஷர் கேஜ் என்றால் என்பிடியாக இருக்கலாம். என்பிடி கெட்ட மரை இல்லை. தப்பான இடத்தில் இருந்த நல்ல மரை, அவ்வளவுதான்.

ஒரே மரையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்ம தெருவிலேயே ஒரு சாட்சி இருக்கிறது, அடிபம்ப். 1970களின் நடுவில் இந்தியக் கிராமங்களில் போட்ட கைப்பம்புகளில் பெரும்பகுதி வேலை செய்யாமல் கிடந்தன. வெளிநாட்டுப் பண்ணைவீட்டுப் பம்புகளைப் பார்த்துப் பலர் பலவிதமாகச் செய்த வார்ப்பிரும்புப் பம்புகள் அவை. ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குச் சேராது. யுனிசெஃப் உதவியோடு, சோலாப்பூரில் நன்றாக ஓடிய ஒரு பம்பை அடிப்படையாக வைத்து, இந்தியா மார்க் 2 உருவானது. கோவைப் பக்கம் கிணறுகளில் சோதித்துப் பார்த்தார்கள். சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் க்ருடாஸ் என்ற அரசு நிறுவனம் அதைப் பெருமளவில் செய்தது. 1979-ல் ஐ.எஸ். 9301 என்று தரமும் வந்தது. எந்தக் கம்பெனி செய்தாலும் பாகம் மாற்றிக்கொள்ளலாம். அதில் கிணற்றுக்குள் இறங்குவது 32 மி.மீ. ஜி.ஐ. பைப், அதாவது ஒன்றேகால் இன்ச், மூன்று மீட்டர் துண்டுகள். 30 மீட்டர் ஆழம் என்றால் பத்துத் துண்டு. ஒவ்வொன்றும் மேலே இருக்கும் சாக்கெட்டின் மரையில் தொங்குகிறது. பைப்பின் எடை, உள்ளே நிற்கும் தண்ணீரின் எடை, ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் வரும் உதறல், எல்லாம் அந்த மரையில். ஒரு சாக்கெட்டில் டேப் சரியாகப் போடவில்லை என்றால் கீழே உள்ள மொத்தமும் ஆழத்துக்குப் போய்விடும்.

எங்கள் தெருப் பம்ப் போன மாதம் பழுதாகி, இரண்டு பேர் வந்து கழற்றினார்கள். ஆறாவது மைல் தண்ணீர் குழாயில் வராத நாட்களில் பாதித் தெரு அதை நம்பித்தான் இருக்கிறது. பைப்புகளை வரிசையாக ரோட்டில் கிடத்தியிருந்தார்கள். எல்லோரும் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்க, நான் வீட்டுக்குள் போய் ஸ்கேலை எடுத்துவந்து ஒரு பைப்பின் முனையில் வைத்து எண்ணினேன். கழற்ற வந்த அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒரு இன்சுக்குப் பதினொன்று இருந்தது.